செரெங்கெட்டிப் பெருவெளி

பூமிசாத்திரப் பாடத்தில் சவன்னாப் பிரதேசம் என்றோர் அத்தியாயம் உண்டு. ஆசிரியனாக இருந்த காலத்தில் அதனை எத்தனை முறை கற்பித்திருப்பேன் என்று நான் கணக்கு வைத்ததில்லை. கரும்பலகையில் குடை விரித்தாற் போன்ற ஒரு மரம், அதன் கீழே உயர்ந்த புல், ஒருபுறம் ஒட்டகச்சிவிங்கி, மறுபுறம் சிங்கம். இவ்வளவுதான் நான் வரையும் படம். பாடநூலில் இருந்த படமும் அதுவே. அந்தப் படத்தில் மனிதன் எங்கே என்று எந்த மாணவனும் என்னைக் கேட்டதில்லை. அது மாணவரின் குற்றமன்று. வரைந்தவனுக்கே அந்த எண்ணம் தோன்றவில்லை.

நேயர்களே, 2023ஆம் ஆண்டு டிசம்பர் விடுமுறையில் அந்தப் பிரதேசத்தை நேரிற் காணும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. என் மைத்துனர் தன்சானியா நாட்டின் அறூஷா நகரில் கணக்காளராகப் பணிபுரிகிறார். பல ஆண்டுகளாக அவர் விடுத்து வந்த அழைப்பை, ஓய்வுபெறும் வயது நெருங்குவதற்கு முன் ஏற்றுக்கொள்வது நலமென்று கருதிப் புறப்பட்டேன். அறூஷாவிலிருந்து செரெங்கெட்டித் தேசிய வனத்தின் நடுப்பகுதியாகிய செரொனேராவுக்கு ஏறத்தாழ 335 கிலோமீற்றர். தேசிய வனம் என்று நாம் சொல்கிறோமேயன்றி, அதன் தென்பாகத்தில் மரம் என்பதே அரிது. ‘செரெங்கெட்டி’ என்ற பெயர் மசாய் மக்களின் மொழியிலுள்ள ‘சிரிங்கெட்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. முடிவின்றிப் பரந்து செல்லும் நிலம் என்பது அதன் பொருள். 14,763 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள வனத்துக்கு அப்பெயர் சற்றும் மிகையன்று.

எங்கள் வண்டியின் கூரை மேலே தூக்கத்தக்கதாக அமைந்திருந்தது. ஓட்டுநரே வழிகாட்டியுமாவார், முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க மசாய் இளைஞர். என் தொழிலை விசாரித்து அறிந்த கணமுதல் அவர் என்னை ‘ம்வாலிமு’ என்றே அழைக்கலானார். சுவாஹிலி மொழியில் ஆசிரியர் என்பதற்கு அதுவே சொல். அந்நாட்டின் முதற் சனாதிபதி யூலியஸ் நைரேரேயை மக்கள் இன்றும் குறிப்பிடுவது அந்தப் பெயராலேதான். அரசியலுக்கு வருமுன் அவர் பாடசாலை ஆசிரியராக இருந்தவர். அத்தகைய ஒருவரின் பெயரைச் சொல்லி என்னை அழைத்தபோது சற்றுக் கூச்சமாகவே இருந்தது. மறுக்கவும் மனம் வரவில்லை.

செரெங்கெட்டியை அடையுமுன் இங்கொரொங்கொரோ என்னும் மலைப்பகுதியைக் கடக்கவேண்டும். அணைந்துபோன பேரெரிமலை ஒன்று இடிந்து உள்வாங்கியதால் உண்டான பள்ளம் அங்கே உள்ளது. அகலம் ஏறத்தாழ 19 கிலோமீற்றர், ஆழம் 600 மீற்றர். அதன் விளிம்பில், மூடுபனிக்கிடையே, கற்களை அடுக்கிக் கட்டிய கூம்பு வடிவமான நினைவுச்சின்னம் ஒன்று நிற்கிறது. அதன் அருகே வண்டியை நிறுத்தும்படி கேட்டுக்கொண்டேன். மைக்கேல் கிறிசிமெக் என்ற ஜேர்மானிய இளைஞரின் கல்லறை அது.

மைக்கேலின் தந்தையார் பேர்ண்ஹாட் கிறிசிமெக், பிராங்பேர்ட் நகர மிருகக்காட்சிச்சாலையின் அதிபர். செரெங்கெட்டியின் எல்லைகளை மாற்றியமைக்கப் பிரித்தானிய ஆட்சியாளர் ஆலோசித்துக்கொண்டிருந்த வேளையில், அங்குள்ள விலங்குகள் எத்தனை, அவை எந்தப் பருவத்தில் எத்திசை செல்கின்றன என்பதை யாரும் சரிவர அறிந்திருக்கவில்லை. தந்தையும் மகனும் தாமே விமானம் ஓட்டக் கற்று, வரிக்குதிரையைப் போலக் கோடுகள் தீட்டிய சிறிய விமானமொன்றில் ஜேர்மனியிலிருந்து ஆபிரிக்காவுக்குப் பறந்து வந்தனர். 1958ஆம் ஆண்டின் தொடக்கத்தில், வெளியைப் பகுதி பகுதியாகப் பிரித்து, தாழப் பறந்து, தலைகளை எண்ணினர். பாடசாலையில் இடாப்புக் குறிப்பதற்கு ஒப்பான வேலைதான். ஆனால் வகுப்பு ஓடிக்கொண்டே இருக்கும். புதிதாக வகுக்கப்படவிருந்த எல்லைக்கு வெளியேயும் மந்தைகள் செல்கின்றன என்பது அவர்கள் கண்ட உண்மை. 1959 ஜனவரி 10ஆம் நாள் மைக்கேல் தனியே பறந்தபோது பிணந்தின்னிக் கழுகொன்று விமானத்தின் இறக்கையில் மோத, விமானம் வீழ்ந்து அவர் மாண்டார். அப்போது வயது 24. தந்தையார் எழுதிய நூலும், இருவரும் எடுத்த திரைப்படமும் ‘செரெங்கெட்டி அழியக்கூடாது’ என்ற பொருள்படும் தலைப்பில் வெளிவந்து உலகெங்கும் புகழ்பெற்றன. திரைப்படத்துக்கு 1960இல் ஒஸ்கார் பரிசும் கிடைத்தது. 1987இல் காலமான தந்தையாரின் சாம்பலும் அதே இடத்திலேயே அடக்கம் செய்யப்பட்டுள்ளது.

கல்லறைக்கு முன் நான் சிறிது நேரம் நின்றேன். ஓட்டுநர் வண்டியைவிட்டு இறங்கவில்லை. குளிர் காரணமாயிருக்கலாம் என்று அப்போது எண்ணினேன்.

மிருகங்கள் மாத்திரம் வாழ்ந்த ஆதிநிலம் என்று ஐரோப்பியர் இப்பகுதியை வருணித்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதை விளங்கிக்கொள்ள 1890களுக்குச் செல்லவேண்டும்.

மாடுகளைத் தாக்கும் கொள்ளைநோய் ஒன்று 1880களின் இறுதியில் ஆபிரிக்காவின் கிழக்குக் கரையில் வந்து இறங்கியது. தமிழில் அதனை வெக்கை நோய் என்பர். எரித்திரியாவுக்கு இத்தாலியப் படையினர் கொண்டுவந்த மாடுகளோடு அது வந்ததென்று சரித்திராசிரியர்கள் கூறுவர். அக்கண்டத்து மாடுகளுக்கு அந்நோயை எதிர்க்கும் சக்தி சிறிதும் இல்லை. எதியோப்பியாவை அழித்துவிட்டுத் தெற்கு நோக்கிப் பரவி, சில ஆண்டுகளுக்குள் அது கண்டத்தின் தென்முனைவரை சென்றது. சென்ற பல இடங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு மாடுகள்வரை மடிந்தன. மசாய் மக்களோ மாட்டையே செல்வமாக, உணவாக, மணமகளுக்கான பரிசமாகக் கொண்டு வாழ்ந்தவர்கள். மாடு போனால் அவர்களுக்கு எல்லாம் போயிற்று. அதைத் தொடர்ந்து பெரியம்மை வந்தது. அந்த ஆண்டுகளை மசாய் மொழியில் ‘எமுத்தாய்’ என்பார்கள். பூண்டோடு அழித்தல் என்று பொருள்.

இங்கொரொங்கொரோப் பள்ளத்தினுள் முதன்முதல் இறங்கிய ஐரோப்பியர், ஒஸ்கார் பவுமன் என்ற ஒஸ்திரிய நாட்டவர். அவர் வந்தது 1892 மார்ச்சில், அதாவது பஞ்சத்தின் உச்சத்தில். எலும்புக்கூடுகளாய் நடமாடிய பெண்களையும், தவழ்ந்து செல்லும் வலிமையே எஞ்சியிருந்த வீரர்களையும், அவர்கள் தலைக்கு மேலே வட்டமிட்ட கழுகுகளையும் அவர் எழுதிவைத்துச் சென்றார். தமக்கு முன்னால் விழுந்து கிடந்தது ஒரு சமுதாயம் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். அவருக்குப் பின் வந்தவர்களோ விழுந்தவர்களையும் காணவில்லை. மேய்ச்சல் இல்லாத இடத்தில் புதர் மண்டிற்று; புதரில் செற்சே ஈ குடிபுகுந்தது; அந்த ஈயினால் உறக்கநோய் பரவ, எஞ்சிய குடிகளும் பல இடங்களைவிட்டு அகன்றனர். ஆளற்ற நிலத்தைக் கண்டவர்கள் அது என்றும் ஆளற்றே இருந்ததென்று எண்ணிக்கொண்டனர். வீட்டார் அனைவரும் மருத்துவமனையிலிருக்கும் வேளையில் வந்த ஒருவன், இவ்வீட்டில் யாரும் குடியிருந்ததில்லை என்று எழுதிப்போனது போலத்தான் இது.

நோய் வருமுன்னரே நாட்டைப் பங்கிடும் வேலை நடந்து முடிந்திருந்தது. 1886இல் பிரித்தானியரும் ஜேர்மானியரும் தேசப்படத்தில் கோடு ஒன்று கீறினர். அக்கோடு மசாய் மக்களின் மேய்ச்சல் நிலத்தையும், மந்தைகள் பருவந்தோறும் சென்று மீளும் வழியையும் குறுக்கே வெட்டிற்று. வடக்கே இருந்தது பின்னர் கென்யாவாயிற்று. தெற்கே இருந்தது ஜேர்மன் கிழக்காபிரிக்காவாயிருந்து, முதலாம் மகாயுத்தத்தின்பின் பிரித்தானியர் கைக்கு வந்து தங்கனீக்கா என்று பெயர் பெற்றது.

1913ஆம் ஆண்டில் ஸ்டுவேர்ட் எட்வேர்ட் வைற் என்ற அமெரிக்க எழுத்தாளர் நைரோபியிலிருந்து தெற்கு நோக்கி நடந்து வந்து செரெங்கெட்டியைக் கண்டார். 1920களில் மறுபடியும் வந்து செரொனேராப் பக்கத்தில் 3 மாதம் பாளையமிட்டார். அந்த 3 மாதத்தில் அவரும் தோழர்களும் சுட்ட சிங்கங்கள் 50. சிங்கத்தை அக்காலத்து வேட்டைக்காரர் கெடுதல் செய்யும் பிராணி என்றே கருதினர். சிங்கங்கள் குறைந்து வருவதைக் கண்ட அரசாங்கம் 1921இல் மிகச் சிறிய பகுதியொன்றில் வேட்டைக்குக் கட்டுப்பாடு விதித்தது. 1929இல் அது முழுச் சரணாலயமாக விரிந்தது. துப்பாக்கியின் இடத்தைப் புகைப்படக் கருவி பிடிக்கத் தொடங்கியதும் அக்காலத்திலேதான். 1930களில் வந்த உல்லாசப் பிரயாணிகளுக்காக, வரிக்குதிரை ஒன்றைச் சுட்டு, லொறியின் பின்னே கட்டி இழுத்துச் சென்று, சிங்கங்களைக் கூட்டிப் படம் பிடிக்கச் செய்யும் வழக்கமும் இருந்தது. அதை வாசித்தபோது நமது யால வனத்தில் ஒரு சிறுத்தையைச் சுற்றி ஜீப் வண்டிகள் முண்டியடிக்கும் காட்சியே என் நினைவுக்கு வந்தது. காணவேண்டும் என்ற ஆசைக்கும் கட்டுப்பாடு வேண்டியிருக்கிறது.

1951இல் செரெங்கெட்டி தேசிய வனமாயிற்று. அப்போது இங்கொரொங்கொரோவும் அதற்குள்ளேயே அடங்கியிருந்தது. மசாய் மக்கள் உள்ளே தொடர்ந்து வாழலாம் என்று தொடக்கத்தில் வாக்களிக்கப்பட்டது. ஆனால் 1954இல் பயிர்ச்செய்கை தடைசெய்யப்பட்டது. மாடுகள் புல்லை அழிக்கின்றன, நீர்நிலைகளைக் கெடுக்கின்றன என்ற முறைப்பாடுகள் ஒருபுறம். எங்கள் நிலத்தில் எங்களை அந்நியராக்குகிறார்கள் என்ற முறைப்பாடு மறுபுறம். 1956இல் அரசாங்கம் வனத்தைப் பிரித்துச் சுருக்கும் திட்டம் ஒன்றை வெளியிட்டது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருந்த விலங்கு நேயர்கள் அதனை எதிர்த்து எழுந்தனர். ஆய்வாளர் வந்தனர், விசாரணைக்குழு அமைந்தது. முடிவில் நிலம் இரண்டாயிற்று. மேற்கே செரெங்கெட்டி விலங்குகளுக்கு. கிழக்கே இங்கொரொங்கொரோ, மக்களும் மாடுகளும் விலங்குகளும் சேர்ந்து வாழ்வதற்கு. 1958 ஏப்ரலில் மசாய் முதியோர் 12 பேர் மேற்குப் பகுதியைவிட்டு நீங்குவதாக ஓர் உடன்படிக்கையில் ஒப்பமிட்டனர். 1959 நடுப்பகுதியில் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது.

அந்த 12 முதியோருக்குத் தாம் ஒப்பமிட்டது எதற்கென்று முற்றாக விளங்கியிருந்ததா? எழுத்தறியாத ஒருவர் எழுத்து மொழியில் எழுதிய உடன்படிக்கையில் ஒப்பமிடும்போது, எழுதினவனுடைய மனச்சாட்சியை நம்புவதன்றி வேறு வழியில்லை. பாடசாலை நிருவாகத்தில் பெற்றோரிடம் படிவங்களில் ஒப்பம் வாங்கிய அனுபவம் எனக்கு உண்டு. ஆகவே இதனைச் சற்று அழுத்தியே சொல்கிறேன். அவ்வாண்டிலேயே தேசாதிபதி சேர் ரிச்சர்ட் ரேண்புல், மசாய் சபையின் முன் தோன்றி, இங்கொரொங்கொரோவில் விலங்குகளின் நலனும் மனிதரின் நலனும் முரண்படுமாயின் மனிதரின் நலனே முதன்மை பெறும் என்று உறுதியளித்தார். அந்த வாக்குறுதியை மசாய் மக்கள் மறக்கவில்லை.

அதே 1959 ஜூலையில், இவ்விரு நிலங்களுக்கும் இடைப்பட்ட ஒல்டுவாய் என்ற வறண்ட பள்ளத்தாக்கில், மேரி லீக்கி அம்மையார் மனிதனுக்கு நெருங்கிய ஆதிக்குலமொன்றைச் சேர்ந்த மண்டையோடு ஒன்றைக் கண்டெடுத்தார். அதன் வயது ஏறத்தாழ 17½ லட்சம் ஆண்டுகள். அங்கிருந்து சிறிது தூரத்திலுள்ள லேட்டோலியில், 36 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இரு காலால் நடந்தவர்களின் அடிச்சுவடுகள் எரிமலைச் சாம்பலில் பதிந்திருந்தமை 1970களில் வெளிப்பட்டது. மனிதன் அந்த நிலத்துக்குப் புதியவனல்லன் என்பதற்கு இதைவிடப் பழைய சாட்சி கிடைப்பது அரிது. மனிதர் வாழாத இயற்கையே தூய இயற்கை, அந்நாட்டு மக்கள்கூட அதனுள் வாழலாகாது என்பது பேர்ண்ஹாட் கிறிசிமெக்கின் கொள்கை. விலங்குகள்பால் அவர் கொண்ட அன்பையோ, மகனை இழந்த துயரையோ நான் சிறிதும் ஐயுறவில்லை. கொள்கை தவறென்றே கருதுகிறேன்.

மலையிலிருந்து இறங்கினோம். அவ்வாண்டு கிழக்காபிரிக்காவில் மழை மிகுதி. பாதை சேறாகிக் கிடந்தது. நாபி குன்றருகே வனத்தின் வாயில். உள்ளே செல்லும் அனுமதி 24 மணி நேரக் கணக்கில் தரப்படும். நுழைந்த நேரம் சீட்டில் பதியப்படும். குன்றின்மேல் ஏறி நோக்கினால் நாற்புறமும் புல், புல்லின்மேல் கரும்புள்ளிகள். மேகநிழல் என்று நினைத்தேன். நிழல் நகர்ந்தது, மேகம் நகரவில்லை.

அவை வில்டபீஸ்ட்டுகள். மாட்டின் முகமும் குதிரையின் வாலும் கொண்ட மானினம் இது; அழகிய பிராணி என்று சொல்ல என்னால் இயலாது. 13 லட்சம் அளவில் உள்ளன என்பது கணக்கு. அவற்றோடு 2 லட்சத்துக்கு மேற்பட்ட வரிக்குதிரைகளும், லட்சக்கணக்கான சிறுமான்களும் சேர்ந்து, மழையைத் தொடர்ந்து ஆண்டு முழுதும் சுற்றி வருகின்றன. வறட்சியில் வடக்கே மாரா ஆற்றங்கரை. மழை தொடங்கியதும் தெற்கேயுள்ள இக்குறும்புல் வெளி. எரிமலைகள் காலங்காலமாய்க் கொட்டிய சாம்பல் படிந்த மண் இது. அடியிலே கல்போன்று இறுகிய படை இருப்பதால் மரம் வேர்விட முடிவதில்லை. ஆனால் சுண்ணாம்புச் சத்தும் பொஸ்பரசும் புல்லில் மிகுதி. பால் கொடுக்கும் தாய்க்கு அவை இன்றியமையாதவை. ஆகவே ஜனவரி இறுதியிலும் பெப்ரவரியிலும் கன்றுகளிற் பெரும்பாலானவை சில வாரங்களுக்குள் இங்கேயே பிறக்கின்றன. நாங்கள் கண்டபோது பெட்டைகள் வயிறு பருத்து மெல்ல நடந்தன.

‘கன்று ஈனும் காலத்தில் எங்கள் பெரியவர்கள் மாடுகளை இங்கே விடமாட்டார்கள், ம்வாலிமு’ என்றார் ஓட்டுநர். வில்டபீஸ்ட் கன்றுகளிடமிருந்து மாட்டுக்குத் தொற்றும் கொடிய காய்ச்சல் ஒன்று உண்டு. தொற்றினால் மாடு பிழைப்பதில்லை. எனவே மழைக்காலத்தில் மிகச் சிறந்த புல்லை விலங்குகளுக்கு விட்டுவிட்டு மலையடிவாரத்துக்கு ஓட்டிச் செல்வது பழைய வழக்கம். காட்டு விலங்கின் இறைச்சியை மசாய் மக்கள் பொதுவாக உண்பதுமில்லை. இவ்வளவையும் அறிந்த ஒரு சமுதாயம் வனத்துக்குப் பகை என்று 1950களில் தீர்ப்புக் கூறப்பட்டது.

பின்னர் நடந்தது விந்தையானது. 1961இல் வில்டபீஸ்ட்டுகள் ஏறத்தாழ 2½ லட்சம் என்று எண்ணப்பட்டன. 1977இல் அவை 13 லட்சத்துக்கு மேல். மாடுகளை வெளியேற்றியதால் வந்த பெருக்கம் என்று மேலோட்டமாகச் சொல்லலாம்; ஆராய்ந்தவர்கள் வேறு காரணம் கண்டனர். வெக்கை நோய் ஆண்டுதோறும் கன்றுகளைக் கொன்றுகொண்டேயிருந்தது. வோல்டர் பிளவ்றைற் என்ற விலங்கு மருத்துவர் கென்யாவிலுள்ள முகுகா ஆய்வுநிலையத்தில் புதிய தடுப்புமருந்தை உருவாக்கினார். வனத்தைச் சுற்றியிருந்த மாடுகளுக்குத் தடுப்பூசி ஏற்றப்பட்டது. வில்டபீஸ்ட்டுகளுக்கு ஓர் ஊசியும் ஏற்றப்படவில்லை. மாட்டில் நோய் நின்றதும் 1963ஆம் ஆண்டளவில் காட்டிலும் தானாக நின்றது. மேய்ப்பனின் மாட்டைக் காத்ததனாலேயே வனவிலங்கு பெருகியது. 1970களில் வறண்ட பருவத்திலும் பெய்த மழை அப்பெருக்கத்துக்குத் துணைநின்றது. மந்தை பெருகவே புல் குறைந்தது. புல் குறையவே காட்டுத்தீ குறைந்தது. தீ குறையவே வடக்கிலும் நடுப்பகுதியிலும் இளமரங்கள் தலைதூக்கின. இன்று நாம் படம் பிடிக்கும் மரங்களிற் பல அந்தத் தடுப்பூசிக்குக் கடமைப்பட்டவை.

இந்நோயின் கதை நமக்கும் அந்நியமன்று. 1987இல் வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட ஆடுகளோடு வெக்கை நோய் இலங்கைக்குள் மீண்டும் புகுந்து, வடக்குக் கிழக்கில் மாடுகளையும் எருமைகளையும் வாட்டியதை மாடு வளர்த்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 1994க்குப் பின் அது இங்கே தோன்றவில்லை. 2011இல் உலகத்திலேயே அந்நோய் ஒழிந்ததென அறிவிக்கப்பட்டது. மனிதன் முயன்று ஒழித்த நோய்களில், பெரியம்மைக்கு அடுத்தபடியாக அது இரண்டாவது.

தங்கனீக்கா 1961 டிசம்பரில் சுதந்திரமடைந்தது. அதற்கு 3 மாதங்களுக்கு முன்னரே, அறூஷாவில் நடந்த மகாநாட்டில், வனவிலங்குகளைக் காப்பது தமது மக்களின் பொறுப்பு என்றும், அதற்கு வெளிநாடுகளின் அறிவும் பொருளும் வேண்டும் என்றும் நைரேரே பிரகடனம் செய்தார். தனிப்பட்ட முறையில் தமக்கு மிருகங்களில் நாட்டமில்லை என்றும், ஆனால் அவற்றைக் காண வெளிநாட்டார் பணம் கொடுத்து வருவார்கள் என்றும் அவர் சொன்னதாக ஒரு செய்தியும் உண்டு. அது உண்மையாயின், அந்த நேர்மையை நான் பாராட்டுகிறேன். வறிய நாடொன்று தன் நிலத்தில் கணிசமான பகுதியைப் பிறர் வந்து காண்பதற்கென ஒதுக்கிவைப்பது சிறிய தியாகமன்று. அந்தத் தியாகத்தின் சுமை எல்லார் தோளிலும் சமமாக ஏறவில்லை என்பதுதான் வருத்தம்.

வனத்தின் மேற்கு எல்லையில் இகோமா முதலிய வேட்டைக் குடிகள் வாழ்கின்றன. தந்தை, பாட்டன் காலமுதல் வேட்டையாடி உண்டவர்கள், எல்லை வகுக்கப்பட்ட நாள்முதல் சட்டத்தின் பார்வையில் திருட்டு வேட்டைக்காரராயினர். வீட்டுத் தேவைக்குக் கம்பிச் சுருக்கு வைப்பவனும், காண்டாமிருகத்தின் கொம்புக்காகத் துப்பாக்கியோடு வருபவனும் ஒரே பெயரால் அழைக்கப்பட்டனர். இவ்விரண்டாமவனே பேரழிவைச் செய்தான். 1977இல் தன்சானியா கென்யாவுடனான எல்லையை மூடியது. பிரயாணிகள் வரவு அற்றுப்போக, காவலுக்குப் பணமும் வண்டியும் இல்லாது போயின. எல்லை மறுபடி திறந்த 1983க்குள்ளும் அதற்குப் பின்னரும் யானைகள் பெருவாரியாகச் சுடப்பட்டன; கருங்காண்டாமிருகங்கள் விரல்விட்டு எண்ணத்தக்க அளவுக்கு அருகின. எஞ்சியவற்றுட் சில மோரு என்னும் பாறைக்குன்றுகளிடையே ஆயுதக் காவலரின் பாதுகாப்பில் பிழைத்தன.

மறுநாட் காலை அந்த மோருவுக்குச் சென்றோம். புல்வெளியில் தீவுகள் போல எழுந்து நிற்கும் கரும்பாறைகள் அவை, இடுக்குகளில் அத்திமரங்கள், நீருள்ள இடம். நம் மன்னார்ப் பகுதியிலுள்ள உடைமரத்தைப் போலக் குடை விரித்த வேலமரங்களும் அயலில் நின்றன. நான் கரும்பலகையில் வரைந்த மரம் அதுவே. ஓட்டுநர் என்னை ஒரு பாறையின் கீழே அழைத்துச் சென்றார். அங்கே வெண்மை, செம்மை, கருமை நிறங்களில் கேடயங்கள் தீட்டப்பட்டிருந்தன. மசாய் இளைஞர் விருந்துண்ணக் கூடிய காலங்களில், தத்தம் பிரிவின் கேடயச் சின்னங்களை அவ்வாறு எழுதிவைத்தனராம். அருகிலே வேறொரு பாறை. கல்லால் தட்டினால் மணிபோல ஒலிக்கிறது. தட்டித் தட்டி அதன் மேற்பரப்பில் குழிகள் விழுந்திருந்தன.

‘என் பாட்டியார் சிறுமியாக இங்கே இருந்தவர்’ என்றார் அவர், பாறையைப் பார்த்தபடியே. ‘1959இல் மாடுகளோடு நடந்து இங்கொரொங்கொரோவுக்குப் போனார்கள். நான் பிரயாணிகளை மோருவுக்குக் கொண்டுவந்தேன் என்று சொன்னால், எந்தச் சுனையில் தண்ணீர் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்பார். எனக்கு அந்தப் பெயர்கள் தெரியாது, ம்வாலிமு. தேசப்படத்தில் அவை இல்லை.’

அந்த அம்மையார் திரும்பி வந்து பார்த்ததுண்டா என்று கேட்டேன். உள்நாட்டவர்க்குக் கட்டணம் குறைவுதான், அழைத்துவர ஒருமுறை ஆயத்தமும் செய்தேன், ஆனால் சீட்டு வாங்கிக்கொண்டு அங்கே போக மாட்டேன் என்று பாட்டியார் மறுத்துவிட்டார் என்றார். முதல்நாள் கல்லறை முன்பு அவர் வண்டியைவிட்டு இறங்காதது ஏனென்று அப்போது நான் கேட்கவில்லை.

இங்கொரொங்கொரோவில் குடியேறியவர்களுக்கும் அமைதி கிட்டவில்லை. 1974இல் எரிமலைப் பள்ளத்தின் தரையில் வாழ்ந்தவர்கள் வெளியேற்றப்பட்டனர். 1975இல் பயிர்ச்செய்கை தடைசெய்யப்பட்டது. அத்தடை பிற்காலத்தில் தளர்த்தப்பட்டு மீண்டும் இறுக்கப்பட்டது. மக்கள்தொகை பெருகியதும் உண்மை. ஒருவர்க்கு இத்தனை மாடென்ற கணக்கு முன்னைவிடக் குறைந்ததும் உண்மை. 2022 ஜூனில், வனத்துக்குக் கிழக்கேயுள்ள லொலியொண்டோவில் 1,500 சதுர கிலோமீற்றர் நிலத்துக்கு அரசாங்கம் எல்லைக்கல் நாட்டியபோது மசாய் மக்கள் எதிர்த்து நின்று கலகம் மூண்டது. அதே ஆண்டில், இங்கொரொங்கொரோக் குடும்பங்களைப் பல நூறு கிலோமீற்றர் தொலைவிலுள்ள ம்சொமெரா என்ற கிராமத்துக்குக் குடியேற்றும் வேலையும் ஆரம்பமாயிற்று. விரும்பியவர்களே போகிறார்கள் என்பது அரசாங்கத்தின் கூற்று. பாடசாலை, வைத்தியசாலை முதலிய வசதிகளைக் குறைத்துப் போகுமாறு செய்கிறார்கள் என்பது மக்களின் கூற்று. ஓட்டுநரின் சிற்றப்பா போய்விட்டாராம், பாட்டியார் போகவில்லை.

பிற்பகலில் வேகமாகத் திரும்பவேண்டியிருந்தது. சீட்டில் குறித்த 24 மணி நேரம் கடந்தால் மறுபடி கட்டணம். வழியில் ஒரு சிங்கம் பாறைமேல் படுத்திருந்தது; ஏழெட்டு வண்டிகள் சூழ்ந்து நின்றன. நாங்கள் நிற்கவில்லை. நாபி வாயிலை அடைந்தபோது 20 நிமிடம் மிச்சம் இருந்தது. எழுதுவினைஞர் கடிகாரத்தைப் பார்த்து, நேரத்தைப் பதிந்து, சீட்டை வாங்கிக்கொண்டார்.

வாயிலுக்கு அப்பால் வெளி அதேபோலத்தான் இருந்தது. எல்லை எங்கே முடிந்ததென்று புல்லைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. மலையடிவாரத்தை அண்மித்தபோது, செந்நிறத் துணி போர்த்த சிறுவன் ஒருவன் நாற்பது ஐம்பது மாடுகளைச் சாய்த்துக்கொண்டு வந்தான். அவற்றுக்குச் சற்று எட்டத்தில் வரிக்குதிரைகள், தலை நிமிராமல் மேய்ந்துகொண்டிருந்தன. ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, சாளரத்தைத் தாழ்த்தி, அவனிடம் தம் மொழியில் நெடுநேரம் பேசினார். என்ன பேசினீர்கள் என்று பின்னர் கேட்டேன்.

‘மழை எங்கே பெய்தது என்று கேட்டேன், ம்வாலிமு’ என்றார்.